நூறு டாலரை எப்போது கட்டுவது? வீட்டிலிருந்து கேம் செய்பவர்களின் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறான். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்க 100 டாலர் கட்டிப் பதிவு செய்யவேண்டும் என்கிறான். கட்டலாமா? கேம் விற்காவிட்டால் பணம் திரும்ப வருமா? (திருப்பூர் வாசகர்)

கட்டலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். அந்த 100 டாலரை ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகக் கட்டவேண்டும். நம் கணக்கில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், அதோடு கார்டு கொடுத்த வங்கி பிடிக்கும் செலாவணிக் கட்டணம் வேறு. கேம் ஓடாவிட்டால் திரும்ப வராது. விற்பனை 1,000 டாலரைத் தொட்டால்தான் அந்தத் தொகையை உங்கள் கணக்கில் சேர்த்துத் தருவார்கள். விற்பதில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு என்பதையும் மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் கேமை வெளியிட முடியும். ‘விரைவில் வருகிறது’ என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் கடையில் இருக்கவேண்டும். ஆகவே கேம் முக்கால்வாசி முடிந்து, காட்டுவதற்கு நல்ல படங்கள் கைக்கு வந்தபிறகு கட்டினால் போதும். பாதியில் நின்றுபோன கேமுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

அப்புறம் வயது. 18 ஆகாதவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. கணக்கு உங்கள் பெயரில்தான் தொடங்கவேண்டும். வங்கி விவரமும் வரி விவரமும் உங்களுடையவை. இங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் படுத்தும். பான் கார்டில் உங்கள் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பாஸ்புக்கில் வெறும் இனிஷியல் இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு நின்றுவிடும். கணக்குத் தொடங்கும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி உடன்பாட்டின் சலுகையைக் கேட்டால், அமெரிக்க விற்பனையில் பிடிக்கும் வரி 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறையும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

அதுவரை இட்ச்.ஐஓ என்ற இன்னொரு கேம் தளத்தில் இலவசமாகப் போடச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம் கிடையாது. விற்றாலும் அந்தத் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம். மாற்றாமல் விட்டால் 10 சதவீதம். முன்பின் தெரியாத நாலு பேர் விளையாடி, எங்கே மாட்டிக்கொண்டோம் என்று எழுதினால், அந்த வயதில் அதைவிட நல்ல பாடம் வேறில்லை.

கேள்வி: நான் போனுக்கான கேம் செய்கிறேன். கூகுள், ஆப்பிள் இரண்டிலும் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்? (மதுரை வாசகி)

கூகுள் பிளேயில் 25 டாலர், ஒரே தடவை. ஆப்பிளில் 99 டாலர், ஆண்டுதோறும். புதுப்பிக்காமல் விட்டால் உங்கள் கேம் கடையிலிருந்து இறங்கிவிடும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் போய் நீங்களே திறந்துவிடவேண்டும். ப்ரீபெய்ட் கார்டு கூகுளில் செல்லாது.

பணத்தைவிட இரண்டு விஷயங்களை முன்கூட்டியே யோசியுங்கள். கூகுளில் புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் கேமைச் சோதித்த பிறகே வெளியிட அனுமதி கேட்கலாம். அந்தப் பன்னிரண்டு பேரை இப்போதே பிடித்துவையுங்கள். அதைவிட முக்கியம், கேமில் காசு வாங்கினால் கூகுள் தனிநபர் கணக்கின் முழு முகவரியும் எல்லோர் கண்ணிலும் படும்படி கடைப் பக்கத்தில் வரும். வீட்டிலிருந்து தனியாக வேலை செய்யும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. விலை வைக்கும் முன் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: கேம் செய்ய உதவும் எஞ்சின் மென்பொருள் இலவசம் என்று நம்பி இறங்கலாமா? கேம் விற்றபிறகு பங்கு கேட்டு வருவார்களா? (கோவை வாசகர்)

எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. யூனிட்டி பர்சனல், ஆண்டு வருமானமும் முதலீடும் சேர்ந்து 2 லட்சம் டாலருக்குள் இருக்கும்வரை இலவசம். அன்ரியலில், ஒரு கேம் மொத்தம் 10 லட்சம் டாலர் ஈட்டியபின், அதற்கு மேல் வருவதில் 5 சதவீதம் தரவேண்டும். கேம்மேக்கரைப் பழக இலவசம். விற்கவேண்டுமானால் ஏறக்குறைய 100 டாலர் ஒருமுறை.

கோடோ என்ற எஞ்சினுக்கு, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம். பங்கும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. அந்த உரிம வாசகத்தை மட்டும் கேமோடு சேர்த்துத் தரவேண்டும். நன்றிப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தால் போதும். வாசகத்தை எடுத்துத் தரும் கட்டளை எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

நான் கோடோவைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. ஏற்கெனவே வெளியான கேம்களுக்கும் அது பொருந்தும் என்றதும் பாதி வேலையில் இருந்தவர்கள் ஆடிப்போனார்கள். ஓராண்டு கழித்து நிறுவனமே அதைக் கைவிட்டது, உண்மைதான். ஆனாலும் ஒரு பதிப்போடு எம்ஐடி உரிமம் கைக்கு வந்துவிட்டால் அந்தப் பதிப்புக்கு அதை யாரும் திரும்பப் பறிக்க முடியாது. இரண்டு மூன்று ஆண்டு உழைக்கப்போகிறவருக்கு அந்த நிம்மதி வேண்டும்.

கேள்வி: என் கேம் முழுக்கத் தமிழில். விண்டோஸில் இருக்கும் லதா எழுத்துருவை அப்படியே உள்ளே போட்டுவிட்டேன். தவறா? (திருச்சி வாசகர்)

ஆமாம், மாற்றிவிடுங்கள். லதாவோ நிர்மலாவோ விண்டோஸோடு வருவதால் உங்கள் கணினியில் பயன்படுத்தலாம்; அந்தக் கோப்பை எடுத்துக் கேமோடு சேர்த்து ஊருக்கெல்லாம் கொடுக்கும் உரிமை உங்களுக்கு வரவில்லை. டிடிபி கடைகளில் பென் டிரைவ் வழியாகக் கைமாறிய எழுத்துருக்களையும் தொடாதீர்கள். யார் செய்தது, என்ன நிபந்தனை என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்காது.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன், பவனம், பலூ தம்பி எல்லாம் ஓபன் ஃபாண்ட் உரிமத்தில் இருப்பவை. விற்கும் கேமிலும் வைக்கலாம். எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது, உரிமக் கோப்பை உடன் வைக்கவேண்டும், அவ்வளவுதான். தலைப்புக்குப் பலூ தம்பியின் குண்டு எழுத்து குழந்தைகள் கேமுக்கு அழகாக இருக்கும். ‘கொ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் திரையில் அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் எஞ்சினின் எழுத்து அமைப்பைத்தான் சரிசெய்யவேண்டும்.

ஒலிக்கும் இதே கவனம் வேண்டும். நான் ஒருமுறை காசு கொடுத்து ஒலித்தொகுப்பு வாங்கினேன். அதையே இரண்டாவது கேமிலும் போட்டபிறகுதான் ‘ஒரு படைப்புக்கு மட்டும்’ என்ற வரி கண்ணில் பட்டது, மறுபடி கட்டினேன். இப்போது எதை இறக்கினாலும் அன்றைக்கே அதன் உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, தேதி போட்டு, ‘உரிமங்கள்’ என்ற ஃபோல்டரில் ரசீதோடு வைத்துவிடுகிறேன். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம். சிசி0 என்றால் தாராளமாக எடுக்கலாம். சிசி-பை என்றால் படைத்தவர் பெயரைப் போடவேண்டும். என்சி என்ற எழுத்து இருந்தால் விற்கும் கேமுக்கு ஆகாது.

கேள்வி: கல்லூரியில் கொடுத்த மென்பொருளின் மாணவர் பதிப்பில் படம் வரைந்தேன். அந்தக் கேமை விற்கலாமா? (சேலம் வாசகர்)

பெரும்பாலான மாணவர் உரிமங்கள் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. உங்களுடையதை ஒருமுறை படித்துப் பாருங்கள். அனுமதி இல்லை என்றால் கிரிட்டா, பிளெண்டர் போன்ற படம் செய்யும் மென்பொருளில் மறுபடி வரைந்துவிடுங்கள். இரண்டும் இலவசம், அவற்றில் வரைந்தது உங்களுக்கே சொந்தம், விற்கத் தடை எதுவும் இல்லை.