ஊசி உடைந்தால் உங்களிடம் வந்து சொல்வார்களா?

வேலையிடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாக (டைலருக்குக் கைவேலை உதவியாளராக) சேர்ந்து, டைலராகி, சூப்பர்வைசராகி, தையல் பிரிவு மேலாளராக ஓய்வு பெற்றவர்.

*ஐ.டி. கம்பெனி ஒன்றின் சப்போர்ட் பிரிவில் புதிதாக டீம் லீடர் ஆகியிருக்கிறேன். நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவர்கள், இப்போது நான் பக்கத்தில் போனாலே பேச்சை மாற்றுகிறார்கள். பழையபடியே பழகவா, கொஞ்சம் தள்ளி நிற்கவா?*
– வாசகர், கோவை

மாற்றத்தான் செய்வார்கள். டீக்கடையில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து திட்டியது மேலே இருந்தவரை. இப்போது அந்த மேலே இருப்பவர் நீங்கள். திட்டிக்கொள்ள எல்லாருக்கும் ஓர் இடம் வேண்டும், அதைப் போய்க் கெடுக்காதீர்கள். டீக்குப் போங்கள், குடித்ததும் முதல் ஆளாக எழுந்து வந்துவிடுங்கள். மிச்சத்தை அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

சிநேகிதம் சிக்கலாவது டீக்கடையில் இல்லை, ஷிப்ட் போடும் இடத்தில். லீவும் நைட் ஷிப்டும் யாருக்கு என்று எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள். உங்கள் நெருங்கிய நண்பருக்கும் பொங்கல் அன்று டூட்டி விழும் என்று ஒருமுறை தெரிந்தால் பாதி முணுமுணுப்பு அடங்கும். உங்களுக்கும் விழ வேண்டும்.

*பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். சத்தம் போடாவிட்டால் புரொடக்‌ஷன் வராது என்கிறார் மேனேஜர். எனக்குக் கத்த வராது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?*
– வாசகி, திருப்பூர்

நம்ம ஊர்க் கேள்வி. அதனால் நம்ம ஊர் ஊசியை வைத்தே சொல்கிறேன்.

தையல் மெஷினில் ஊசி உடைவது சாதாரணம். நாலு மடிப்பு சேரும் தடித்த இடத்தில் படக்கென்று போகும். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மெஷினை நிறுத்த வேண்டும். துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, சேர்த்து வைத்தால் முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த பண்டலையும் பக்கத்தில் இருப்பதையும் ஒதுக்கி, காந்தம் வைத்துத் தேடி, மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். தைப்பது குழந்தை உடுப்பு என்றால், காணாமல் போன நுனி எங்கே போய்க் குத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது டைலரின் ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கிறது. ஊசி உடைந்தது என்று கையைத் தூக்கினால் லைன் நிற்கும். நின்றால், “கண்ணு எங்க இருக்கு? வீட்டுல தூங்கலையா?” என்று எல்லார் முன்னாலும் ஒரு சத்தம். அந்தப் பெண் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொள்வாள். அடுத்த முறைக்கு, கடையில் வாங்கிய ஊசி ஒன்று அவள் பையில் இருக்கும். உடைந்தால் தானே மாற்றிக்கொண்டு தைத்துக்கொண்டே போவாள். ரெஜிஸ்டர் சுத்தமாக இருக்கும். “என் லைன்ல ஊசியே உடையறதில்லை” என்று மேனேஜர் அதைத் தூக்கிக் காட்டிப் பெருமைப்படுவார். அப்படி ஒரு வெறும் ரெஜிஸ்டரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் டைலராக இருந்த காலத்தில் ஓர் அக்கா எங்களுக்கு சூப்பர்வைசர். அவர் லைனில்தான் ஊசி அதிகமாக உடைந்ததாகப் பதிவு இருக்கும், ஆபீசில் அதற்காகப் பேச்சும் வாங்குவார். நாங்கள் கையைத் தூக்கினால் அவர் கேட்பது இரண்டே கேள்வி. “கையில குத்தலையே? துண்டு கிடைச்சுதா?” கேட்டுக்கொண்டே காந்தத்தோடு தரையில் மண்டி போட்டுவிடுவார். ஒரு ஆர்டரில் தினமும் உடைந்துகொண்டே இருந்தது. அக்கா ரெஜிஸ்டரை எடுத்துப்போய் ஃபிட்டரிடம் காட்டினார். பார்த்தால், கனத்த துணிக்கு மெல்லிய நம்பர் ஊசி போட்டிருக்கிறார்கள். நம்பரை மாற்றினார்கள், உடைவது குறைந்தது. அதே துணி பக்கத்து லைனிலும் ஓடியது. அங்கே சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துகிறவர், அவர் ரெஜிஸ்டரில் ஒன்றுமே இல்லை. எங்கள் லைனைப் பார்த்துத்தான் அங்கேயும் ஊசி மாற்றினார்கள்.

கத்தினால் அன்றைக்குப் பீஸ் வரும், மறுக்கவில்லை. கத்திக் கத்தியே ஷிப்மென்டை நாள் தவறாமல் அனுப்பியவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் கெட்ட சேதி அவர்கள் காதுக்குக் கடைசியாகத்தான் போகும். கண்டெய்னர் தூத்துக்குடி போன பிறகு தெரிந்து என்ன செய்வது? ஒருவர் எப்படிப்பட்ட மேலதிகாரி என்று பார்க்க நான் இதை ஒன்றைத்தான் பார்ப்பேன்: தப்பு நடந்தால் எவ்வளவு நேரத்தில் அவருக்குச் சேதி போகிறது, யார் போய்ச் சொல்கிறார்கள்.

உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கத்த வராதவர்கள் பலர் இன்னொரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். டைலர் தப்பாகத் தைத்த பீஸை, மனம் நோகக் கூடாது என்று, மதிய இடைவேளையில் தாங்களே பிரித்துத் தைத்து வைப்பார்கள். அது ஆகாது. அந்தப் பீஸை எடுத்துக்கொண்டு போய், தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தையல் இங்கே விலகியிருக்கிறது என்று காட்டி, அவர் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறையும் அதே தப்பு என்றால் வேறு மெஷினுக்கு மாற்றுங்கள். இதற்கெல்லாம் குரல் தேவையே இல்லை.

*தலைமைக்கு உதாரணம் கேட்டால் எல்லாரும் அப்துல் கலாமைச் சொல்கிறார்கள். வேறு ஒருவரைச் சொல்லுங்களேன்.*
– வாசகர், மதுரை

இ. ஸ்ரீதரன். கேரளத்துக்காரர், ஆனால் முதலில் பெயர் எடுத்தது நம் பாம்பனில்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. சரிசெய்ய ரயில்வே 6 மாதம் கெடு வைத்தது, மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். 32 வயதுப் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். இந்த 46 எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் புதிதாக வேண்டுமென்றால் எங்கெங்கோ போக வேண்டும் என்று இருந்தபோது, பழைய கர்டர்கள் கடலுக்கடியில் கிடக்கும் தகவல் மீனவர்கள் வழியாக வந்தது. அவற்றைத் தூக்கி எடுத்துத் திரும்பவும் பொருத்தினார்கள். மீனவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, அதை நம்பித் திட்டத்தையே மாற்றுகிற அதிகாரி அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இந்தக் காலத்தில்?

பிறகு கொங்கண் ரயில்வேயிலும் டெல்லி மெட்ரோவிலும், வேலை முடிய இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் தலைகீழ்க் கடிகாரங்களை மாட்டினார். இதைப் பார்த்து நிறையப் பேர் காப்பி அடித்தார்கள். எங்கள் ஊரிலும் ‘ஷிப்மென்டுக்கு இன்னும் இத்தனை நாள்’ என்று போர்டு தொங்கும் கம்பெனிகள் உண்டு. ஆனால் நூல்கண்டு வாங்கக்கூட முதலாளி கையெழுத்துக்காக இரண்டு நாள் காத்திருக்க வேண்டிய இடத்தில் அந்தப் போர்டு ஆளைப் பயமுறுத்தத்தான் உதவும். ஸ்ரீதரன் முடிவெடுக்கும் சுதந்திரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டவர். அதைக் காப்பி அடிக்க ஆள் இல்லை.

2009 ஜூலையில் டெல்லியில் மெட்ரோ கட்டுமானத்தில் பாலத்தின் ஒரு பகுதி சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். கான்ட்ராக்டர் மேல் கையைக் காட்டியிருக்கலாம். பொறுப்பு தன்னுடையது என்று அன்றைக்கே ராஜினாமா கொடுத்தார். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை. வயதான பிறகு அரசியலுக்குப் போனது தனிக் கதை, எனக்கு அதில் அக்கறை இல்லை.

*என் மேனேஜர் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வேலை சொல்கிறார். எரிச்சலாக இருக்கிறது. இப்போது என் கீழும் நான்கு பேர். நானும் அதையே செய்கிறேனோ என்று பயம்.*
– வாசகி, சென்னை

தோன்றியதைக் குறித்து வைத்துக்கொண்டு காலையில் அனுப்புங்கள். அவசரம் என்றால் போன் செய்யுங்கள். இந்த நேரத்தில் போன் செய்வதா என்று கூச்சமாக இருந்தால், அது அவசரமில்லை.

*பொறியியல் படித்து நேராக புரொடக்‌ஷன் இன்சார்ஜ் ஆகிவிட்டேன். என் கீழ் வேலை செய்பவர்கள் என் அப்பா வயது ஆண்கள். “அந்தப் பொண்ணு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்” என்று என் காதுபடவே பேசுகிறார்கள்.*
– வாசகி, சேலம்

பேசட்டும். நீங்கள் அண்ணா என்றோ ஐயா என்றோ, வாங்க போங்க என்றே கூப்பிடுங்கள். அதனால் நாற்காலியின் உயரம் குறையாது.

எங்கள் கட்டிங் மாஸ்டர் அறுபதைத் தொட்டவர். புதிதாக வந்த இன்சார்ஜ், உங்களைப் போலப் படித்த பெண், ரோல் வந்த அன்றே கட்டிங் போடச் சொன்னார். மாஸ்டர் பேசாமல் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண் கோபப்படாமல், “ஏனுங்க மாஸ்டர், என்னங்க ஆகும்?” என்று கேட்டார். பனியன் துணி ரோலில் இழுபட்டே இருக்கும், பிரித்து ஒரு நாள் ஆறப்போடாமல் வெட்டினால் வெட்டிய பீஸ் சுருங்கி அளவு போய்விடும் என்று அவர் சொன்னார். “சரிங்க, நாளைக்கே போடலாம். ஆபீசுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்” என்றார் இன்சார்ஜ். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அப்புறம் மாஸ்டர் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேச விட்டதில்லை.

எல்லாரும் இப்படி வழிக்கு வருவார்கள் என்று சொல்ல மாட்டேன். பெண் சொல்லிக் கேட்பதா என்று கடைசிவரை முறைத்துக்கொண்டே இருக்கும் ஆள் ஒருவர் எங்கும் இருப்பார். அவரைத் திருத்த நேரம் செலவழிக்காதீர்கள். அவருடைய வேலையை எழுத்தில் கொடுத்து, முடிந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

*என் ஆட்கள் நன்றாக வேலை செய்கிறார்கள். ஆனால் சம்பளம் கூட்ட எனக்கு அதிகாரம் இல்லை. வாயாரப் பாராட்டினால் போதுமா?*
– வாசகர், ஈரோடு

போதாது. பாராட்டு நல்லதுதான், ஆனால் அதை வைத்து ஸ்கூல் பீஸ் கட்ட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதிகாரம் இல்லை என்றால் இருப்பவரிடம் போய் நில்லுங்கள். யார் என்ன செய்தார், அதனால் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதலாளிகளுக்குக் கணக்கு புரியும். கிடைக்காமல் போனாலும் நீங்கள் கேட்டீர்கள் என்ற சேதி எப்படியோ கீழே வந்துவிடும்.

போவதுதான் போகிறீர்கள், தீபாவளி போனஸ் பட்டியல் தயாராகும் முன்பே போங்கள். பட்டியல் டைப் ஆன பிறகு போனால் அக்கவுண்ட்ஸ் பையன்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டான்.