விழித்திரை நோய்கள்: உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்குப் 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பார்வை தெளிவாக இருக்கிறது. வலியோ சிவப்போ இல்லை. விழித்திரைப் பரிசோதனை அவசியமா?

பதில்: அவசியம் ஐயா. கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் மெல்லிய படலமான விழித்திரைக்கு வலி தெரியாது. அங்கே இரத்தம் கசிந்தாலும் கண் உறுத்தாது. சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருக்கும்போது, விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து அங்கங்கே புடைத்துக்கொள்கின்றன. அவற்றின் வழியே கசியும் நீரும் கொழுப்பும் விழித்திரைக்குள் தேங்குகின்றன. எழுத்துகளைப் படிக்க உதவும் மையப்பகுதியான மாக்குலாவை இந்தக் கசிவு எட்டும்வரை உங்களுக்கு எந்தக் குறையும் தெரியாமலே போகலாம். பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்த ஒருவருக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தபோது, எந்நேரமும் உடையக்கூடிய புதுக் குழாய்கள் வலைபோலப் படர்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்தவுடனேயே முதல் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். பிறகு மருத்துவர் வேறு கெடு சொல்லாதவரை ஆண்டுக்கொரு முறை. சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இதே நோய்க்காக அம்மாவுக்கு லேசர் செய்தோம். பார்வை கூடவில்லை. ஏமாந்துவிட்டோமா?

பதில்: இல்லை அம்மா. போதிய இரத்தம் கிடைக்காத விழித்திரை ஓரங்களில் லேசர் செய்வது, புதுக் குழாய்கள் சுருங்கி, மிச்சமிருக்கும் பார்வை தங்குவதற்காக. போன பார்வையை அது மீட்டுத் தராது. இதைச் சிகிச்சைக்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மாக்குலாவில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசியால் பார்வை ஓரளவு கூடுவதுண்டு. ஆனால் மருந்தின் வேகம் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் பெரும்பாலும் மாதம் ஒன்றாகப் போடுவார்கள். இரண்டு ஊசியில் தெளிவு வந்ததும் நிறுத்திவிட்டு, ஓராண்டு கழித்து இரத்தம் நிறைந்த கண்ணோடு திரும்பி வருபவர்களைப் பார்க்கும்போது மனம் மிகவும் வேதனைப்படுகிறது.

கேள்வி: வயது 54, மைனஸ் 8 கண்ணாடி. இரண்டு நாளாக வலக்கண்ணில் கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள். இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது.

பதில்: இன்றே கிளம்புங்கள். கண்ணை நிறைத்திருக்கும் கூழ் போன்ற திரவம் வயதோடு சுருங்கி விழித்திரையை இழுப்பதுதான் அந்த மின்னல். பலருக்கு அதோடு நின்றுவிடும். ஆனால் உங்களைப்போல் அதிக மைனஸ் உள்ளவர்களுக்கு விழித்திரை மெலிந்திருப்பதால் கிழியும் வாய்ப்பு கூடுதல். கிழிசல் மட்டும் என்றால் சுற்றிலும் லேசர் வைத்து அடைத்துவிடலாம். அதன் வழியே நீர் புகுந்து விழித்திரை கழன்றால், திரைச்சீலை இறங்குவதுபோல் ஒரு பக்கம் இருளும். அப்போது அறுவை சிகிச்சைதான் வழி. மாக்குலா கழல்வதற்குள் செய்தால்தான் நல்ல பார்வைக்கு நம்பிக்கை உண்டு.

கேள்வி: 71 வயது அப்பாவுக்கு நிலைக்கதவின் சட்டம் வளைந்து தெரிகிறதாம். கேரட்டும் பொன்னாங்கண்ணியும் கொடுக்கிறோம்.

பதில்: கீரை நல்லதே, ஆனால் அது இதற்கு மருந்தல்ல. நேர்கோடு வளைந்து தெரிவது, மாக்குலாவின் அடியில் புதுக் குழாய் வளர்ந்து கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். சில நாட்களுக்குள் ஸ்கேன் எடுத்து ஊசி தொடங்கினால் பெரும்பாலும் பார்வையை நிலைநிறுத்தலாம். மற்றக் கண்ணையும் கட்டம் போட்ட நோட்டுத்தாளில் தனியே சோதியுங்கள். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். புகைப்பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: 31 வாரத்தில் 1,400 கிராம் எடையோடு பிறந்த பேத்திக்கு இன்று 24 நாள். கண் பரிசோதனையைப் பெயர் சூட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடிந்திருக்காது. அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துக் கழற்றிவிடக்கூடும். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ, 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு முதல் பரிசோதனை 30 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. வெளியில் பார்த்தால் குழந்தையின் கண்ணில் எதுவும் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே செல்லுங்கள்.