‘ஐ5’ என்று மட்டும் சொன்னால் போதாது

கேள்வி: பி.சி.ஏ. சேர்ந்திருக்கும் என் மகளுக்கு ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தர விரும்புகிறேன். 35,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வீட்டில் உள்ளன. எங்கள் ஊர்க் கடையில் ‘ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, எல்லாம் புதுசு’ என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? சென்னை ரிச்சி தெருவுக்குப் போவது நல்லதா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: முடிவெடுக்கும் முன், அந்த பிராசசரின் முழு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஐ5-3470’ என்று இருந்தால், முதலில் நிற்கும் 3 அது மூன்றாம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. அது 2012இல் வெளிவந்தது. எச்61, எச்81 என்ற பழைய வகை மதர்போர்டுகளைப் புதிதாகத் தயாரித்து, அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளின் பிராசசர்களை அவற்றில் பொருத்தி விற்பது பல ஊர்களில் நடக்கிறது. நீங்கள் சொல்லும் விலை அந்தச் சந்தேகத்தையே எழுப்புகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் பிராசசர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் முறைப்படி ஏற்கிறது. அந்தப் பழைய வகைக் கணினியில் வரும் டிடிஆர்3 என்ற பழைய ராமையும் பின்னால் புதிய போர்டுக்கு மாற்ற முடியாது என்பதால், மூன்றாண்டுப் படிப்புக்கு அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் தொகைக்கு இன்டெல் ஐ3-12100 பொருத்தமானது. ‘ஐ3’ என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை; நான்கு கோர்களே இருந்தாலும் அந்தப் பழைய ஐ5ஐவிட இது வெகுவேகமானது. எண்ணின் இறுதியில் ‘எஃப்’ இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. இதற்கு எச்610 வகை மதர்போர்டு போதும். டிடிஆர்4 ராம் ஏற்கும் மாடலா என்றும், வீட்டு மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே இருந்தால் மதர்போர்டில் அந்த இணைப்பு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ராம் இரண்டு 8 ஜிபியாக இருப்பது நல்லது. ஆனால் 2025 பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், இப்போது ஒன்றை வாங்கி, அடுத்த ஸ்லாட்டைக் காலியாக விடுவதிலும் தவறில்லை. எஸ்எஸ்டி, என்விஎம்இ என்ற வேகமான வகையில் 500 ஜிபி போதும்.

பலரும் கைவைத்துச் சிக்கனம் பிடிக்கும் இடம், கணினிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். அங்கேதான் சிக்கனம் கூடவே கூடாது. கேபினெட்டுடன் சேர்ந்து வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழேயுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 14ஆல் பெருக்க 168 வாட்தான் வருகிறது. பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான ‘80 பிளஸ்’ சான்று பெற்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். மட்டமான எஸ்எம்பிஎஸ் பழுதானால் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். வேலூர் வட்டாரத்தின் கோடையை நினைத்து, முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட்டைத் தவிர்த்து, வலைபோட்டதையும் பின்னால் ஃபேன் உள்ளதையும் எடுங்கள்.

ரிச்சி தெருவில் தேர்வு அதிகம். ஆனால் ஒரு பொருள் பழுதானால் மறுபடியும் சென்னைக்குப் போகும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன மாடல்களை அதே எண்களுடன் வரவழைத்துத் தர உள்ளூர்க் கடைக்காரர் சம்மதித்தால், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தும் அவரிடமே வாங்கலாம். எங்கே வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் குறித்த ஜிஎஸ்டி பில் கட்டாயம் வேண்டும். பில்லில் உள்ள பொருளும் பெட்டிக்குள் இருப்பதும் வேறாக இருந்து, கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், சென்னையில் வாங்கியிருந்தாலும்கூட, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் வேலூர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.