கேளுங்கோ, சொல்லுறன்: போட்டோ வேலைக்கு எந்த மொனிற்றர்?

கேள்வி: அண்ணை வணக்கம். நான் புதுக்குடியிருப்பிலை சின்னதாய் ஒரு ஸ்ரூடியோ வைச்சிருக்கிறன். கலியாணவீடு, சாமத்தியவீடு, திருவிழா எண்டு படம் எடுத்து அல்பமும் நானே அடுக்கிக் குடுக்கிறன். கொம்பியூட்டரிலை பாக்கேக்கை படம் பளிச்செண்டு இருக்கு, பிறின்ற் அடிச்சு வரேக்கை இருண்டு போய் வருது. மொனிற்றரை மாத்து எண்டு சொல்லுகினம். ஒரு கடையிலை வளைஞ்ச கேமிங் மொனிற்றர் 165 ஹேர்ட்ஸ் அதுதான் திறம் எண்டினம், இன்னொராள் 4கே இல்லாட்டி வாங்காதை எண்டுறார். கையிலை இருக்கிறது கொஞ்சக் காசு, பிழையாய் வாங்கினால் திருப்பி வாங்க ஏலாது. எதை வாங்க?
— ஸ்ரூடியோக்காரர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, காசை எடுக்க முதல் உங்கடை இப்பத்தைய மொனிற்றரின்ரை பட்டனை அமத்தி பிரைட்னஸ் எத்தினையிலை நிக்குது எண்டு பாருங்கோ. 100 இலையோ 90 இலையோ நிக்கும் எண்டுதான் நினைக்கிறன், அனேகமான மொனிற்றர் பெட்டியாலை எடுக்கேக்கையே அப்பிடிக் கூட்டி விட்டபடிதான் வரும், கடையிலை பக்கத்திலை நிக்கிறதைவிடப் பளிச்செண்டு தெரியவேணும் எண்டதுக்காக. அப்பிடி முழுசாய்க் கூட்டினால் சாதாரண மொனிற்றர் 250, 300 நிட் (நிட் எண்டது திரை வெளிச்சத்தை அளக்கிற அளவு) வெளிச்சம் தரும், பிறின்ருக்குப் படம் திருத்திறவை வைக்கிறது 80 இலை இருந்து 120 நிட் மட்டும்தான். நீங்கள் அந்த அகோர வெளிச்சத்திலை பொம்பிளையின்ரை முகத்தைப் பாத்திட்டு இது காணும் எண்டு விட்டிடுவியள், ஆனால் கடதாசிக்குப் பின்னாலை லைற் இல்லையே, அது தனக்கு மேலை விழுற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும், அதாலைதான் இருண்டு வருது. பிறின்ற் அடிக்கிறவரிலை பிழை இல்லை.

எனக்கும் இது நடந்ததாலைதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன். முரசுமோட்டைப் பக்கம் ஒரு கலியாணவீடு, அரக்குக் கலர் கூறை, கரையிலை சின்னச் சின்னச் சரிகைப் பூ. என்ரை திரையிலை ஒவ்வொரு பூவும் தெரிஞ்சது, அல்பத்திலை கூறை முழுக்க ஒரே கறுப்பு. பொம்பிளையின்ரை அம்மா அல்பத்தை மடியிலை வைச்சு விரலாலை அந்தச் சேலையைத் தடவித் தடவிப் பாத்திட்டு, "தம்பி, இதிலை பூ இருந்ததல்லோ" எண்டு மட்டும்தான் கேட்டா. ஏசியிருந்தால் கூடப் பரவாயில்லை. 40 பக்கத்தையும் திருப்பித் திருத்தி என்ரை காசிலையே அடிச்சுக் குடுத்தன். அண்டைக்குப் பிறகு பிரைட்னஸ் பாக்காமல் ஒரு படமும் திருத்திறதில்லை.

கருவி ஒண்டும் இல்லாமல் செய்யிற வழி ஒண்டு இருக்கு. பிறின்ரை நீங்கள் வழமையாய்ப் பாக்கிற வெளிச்சத்திலை ஒரு வெள்ளைக் கடதாசியை மொனிற்றருக்குப் பக்கத்திலை பிடியுங்கோ, திரையிலையும் வெறும் வெள்ளைப் பக்கம் ஒண்டைத் திறவுங்கோ, ரெண்டு வெள்ளையும் ஒரே மாதிரித் தெரியுமட்டும் பிரைட்னஸைக் குறையுங்கோ. கனபேருக்கு 20, 30 வரைக்கும் இறங்கும். முதல் ரெண்டு நாள் திரை மங்கின மாதிரி இருக்கும், பேந்து கண் பழகீடும். விண்டோஸிலை நைற் லைற், மொனிற்றரிலை ஐ கேர், டைனமிக் கொன்ராஸ்ற் எண்டு இருக்கிற எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ, அதுகள் தன்ரை பாட்டுக்குக் கலரை மாத்திக்கொண்டு இருக்கும். அதுக்குப் பிறகு அல்பம் முழுக்க அடிக்காமல் நாலு முகத்தை மட்டும் சின்னனாய் அடிச்சு எடுத்து, பகலிலை வெளியிலை நிழலுக்கை கொண்டுபோய்ப் பாருங்கோ. பாதிப் பிரச்சினை இதோடை போகும், மொனிற்றரே வாங்கத் தேவையில்லாமலும் போகலாம்.

சரி, வாங்கத்தான் வேணும் எண்டால் முதல் பாக்கவேண்டியது பனல். பனல் எண்டது படத்தைக் காட்டுற திரைத் தகடு, ஐபிஎஸ், டிஎன், விஏ எண்டு வகை வகையாய் வரும். ஐபிஎஸ் பனல் வாங்குங்கோ. டிஎன் பனலிலை தலையைக் கொஞ்சம் மேலை தூக்கினால் முகத்தின்ரை நிறம் வேறை, பதிச்சால் வேறை, அதிலை தோல் நிறம் திருத்திறது வீண் வேலை. விஏ பனலிலை கறுப்பு நல்ல ஆழமாய் இருக்கும், 3000க்கு 1 கொன்ராஸ்ற் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) எண்டு போட்டிருப்பினம், ஐபிஎஸ்ஸிலை வழமையாய் 1000க்கு 1 தான். ஆனால் விஏயிலை நேர நிண்டு பாக்கேக்கையும் சரிஞ்சு பாக்கேக்கையும் இருட்டுப் பகுதி மாறும், கூறைச் சேலை, ஆம்பிளையளின்ரை கறுத்தக் கோட்டு, தலைமயிர் எல்லாம் அங்கைதானே இருக்கு. அந்த வளைஞ்ச கேமிங் மொனிற்றரிலை கனக்க விஏதான். 165 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 165 தரம் திரை மாறுறது, வேகமாய் ஓடுற விளையாட்டுக்குத்தான், அசையாத படத்துக்கு 60 காணும்.

ரெண்டாவது, எஸ்ஆர்ஜிபி 100% அல்லது 99% எண்டு பெட்டியிலையோ விபரத்திலையோ எழுதியிருக்கோணும். எஸ்ஆர்ஜிபி எண்டது 1996 இலை எச்பியும் மைக்ரோசொஃப்ற்றும் சேந்து கொண்டுவந்த கலர் அளவு, போன், இணையம், சாதாரண பிறின்ற் லாப் எல்லாம் அனேகமாய் அதிலைதான் ஓடுது. சில விபரத்திலை எஸ்ஆர்ஜிபி எண்டு போடாமல் 72% என்டிஎஸ்சி (பழைய டிவிக் கலர் அளவு) எண்டு போட்டிருக்கும், அது கிட்டத்தட்ட எஸ்ஆர்ஜிபி அளவுதான், பயப்பிடாமல் எடுக்கலாம். 45% என்டிஎஸ்சி எண்டால் தொடவேண்டாம். எஸ்ஆர்ஜிபியை விடப் பெரிய கலர் அளவான அடோபி ஆர்ஜிபியை முழுசாய்க் காட்டுற மொனிற்றர் விலை கூட, அதின்ரை பிரயோசனம் நல்ல இங்க்ஜெற் பிறின்ரரிலை தாங்களே பிறின்ற் அடிக்கிற ஆக்களுக்கு. நீங்கள் லாப்புக்கு அனுப்புறனியள், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கோ.

அளவு எண்டால் 24 இஞ்சியிலை 1920க்கு 1080 புள்ளி நல்லாய்க் காணும். 27 இஞ்சிக்குப் போறதெண்டால் 2560க்கு 1440 எடுங்கோ, 27 இஞ்சியிலை 1080 எண்டால் ஒரு இஞ்சிக்கு 82 புள்ளிதான் வரும், கண்ணிமை மயிர் எல்லாம் படி படியாய்த் தெரியும். 4கே, அதாவது 3840க்கு 2160 புள்ளி, நல்லதுதான், இல்லை எண்டு சொல்ல மாட்டன், ஆனால் உங்கடை கொம்பியூட்டர் பழசெண்டு நினைக்கிறன், மொனிற்றர் வயர் கொழுவுற இடம் பழைய எச்டிஎம்ஐ 1.4 மட்டும் எண்டால் 4கேயிலை 30 ஹேர்ட்ஸ்தான் ஓடும், மவுஸே இழுபடும், பேந்து கிறபிக்ஸ் கார்ட்டுக்கும் காசு தேடவேணும்.

பேர் சொல்லச் சொன்னால் டெல் அல்ட்ராஷார்ப், ஆசூஸ் புரோஆர்ட், பென்கியூவிலை டிசைன் வேலைக்கெண்டு வாறது, இதுகளைப் பாருங்கோ. ஈசோ கலர்எட்ஜ் இதுகளை விடத் திறம், விலை எட்டாது. என்ரை முடிவு, 24 இஞ்சி ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி முழுசு, உயரம் கூட்டிக் குறைக்கிற ஸ்ராண்டோடை. மிஞ்சிற காசுக்கு ஸ்பைடர் மாதிரி ஒரு கலிபிரேஷன் கருவி, திரையின்ரை கலரையும் வெளிச்சத்தையும் அளந்து சரிப்படுத்திறது. அதைத் தனிய வாங்க ஏலாட்டி முல்லைத்தீவு, பரந்தன், கிளிநொச்சி ஸ்ரூடியோக்காரர் நாலுபேர் சேந்து ஒண்டை வாங்குங்கோ, மாசத்திலை ஒருக்கா அரை மணித்தியாலம்தான் ஒராளுக்குத் தேவை, பஸ்ஸிலை குடுத்து விட்டாலே காணும். மொனிற்றரைப் போட்டு 30 நிமிசம் சூடாக விட்டிட்டுத்தான் அளக்கோணும். கருவியிலை வைக்கவேண்டிய அளவு: வெள்ளையின்ரை நிறத்துக்கு 6500 கெல்வின், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாயலுக்குக் காமா 2.2, வெளிச்சம் 100 இலை இருந்து 120 நிட்டுக்குள்ளை.

கடைக்குப் போகேக்கை, அது கிளிநொச்சியோ வவுனியாவோ கொழும்பு யுனிற்றி பிளாசாவோ, பென்டிரைவிலை உங்கடை படம் கொண்டு போங்கோ. ஒரு கூறைச் சேலைப் படம், ஒரு வெள்ளை வேட்டிப் படம், முழுக்கக் கறுப்பு, முழுக்க வெள்ளை, பேந்து கறுப்பிலை இருந்து வெள்ளைக்கு மெல்ல மெல்லப் போற சாம்பல் படம் ஒண்டு. கறுப்பிலையும் வெள்ளையிலையும் செத்த புள்ளி தெரியும், சாம்பலிலை கோடு கோடாய் விழுந்தால் எடுக்காதேங்கோ. பெட்டி உடைக்க மாட்டம் எண்டு சொல்லுற கடையிலை வாங்கவேண்டாம்.

இன்னொண்டு, ஸ்ரூடியோ றோட்டுக்கரையிலை எண்டால் பின்னேர வெயில் கதவாலை நேர திரைக்கு அடிக்கலாம். மொனிற்றரைக் கதவுக்குப் பக்கவாட்டாய்த் திருப்பி வையுங்கோ, மினுங்காத மற் திரை எடுங்கோ, பின்சுவர் றோஸ், கடும்பச்சை எண்டு இருந்தால் வெள்ளையோ சாம்பலோ அடியுங்கோ. செம்மண் தூசியைச் சேட்டாலை துடைக்காமல் முதல் ஊதிவிட்டிட்டு மெல்லிய துணியாலை துடையுங்கோ, இல்லாட்டி கீறும்.

கேள்வி: தம்பி, எங்கடை அம்மாவின்ரை ஒரே ஒரு படம்தான் எங்களிட்டை இருக்கு, அடையாள அட்டைக்கெண்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மற்றதெல்லாம் 2009 இடம்பெயர்வோடை போட்டுது, இதை மட்டும் பொலித்தீன் பையிலை சுத்திக் கொண்டு வந்தனாங்கள், தண்ணி பட்டு ஒரு பக்கம் மஞ்சளாய்ப் போச்சு. மகன் லப்ரொப்பிலை திருத்தப் பாக்கிறான், திரையைச் சரிக்கச் சரிக்க முகம் ஒருக்கா வெளிறுது ஒருக்கா கறுக்குது எண்டுறான். மொனிற்றர் வாங்கத்தான் வேணுமோ?
— ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அக்கா, வாங்கவேண்டாம். முதல் வேலை ஸ்கான், அதுக்கு மொனிற்றரே தேவையில்லை. அந்தப் படம் 35க்கு 45 மில்லிமீற்றர் அளவெண்டால் 1200 டிபிஐயிலை (ஒரு இஞ்சிக்கு 1200 புள்ளி) ஸ்கான் பண்ணினால் நாலு மடங்கு பெருப்பிச்சு 14க்கு 18 சென்ரிமீற்றர் நல்லாய் அடிக்கலாம், 2400 இலை எடுத்தால் சாமியறையிலை வைக்கிற பெரிய பிறேமுக்கும் காணும். ஸ்கானர் கண்ணாடியிலை நேர சரியாய்ப் படத்தை வைச்சு, கறுப்பு வெள்ளைப் படமெண்டாலும் கலரிலைதான் எடுக்கச் சொல்லுங்கோ, டிஃப் பைலாய். கலர்ப் படத்துக்குள்ளை சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூண்டு சனல் இருக்கும், மஞ்சள் கறை சிவப்புச் சனலிலை மெத்தக் குறைவாய்த்தான் தெரியும், மகன் அதை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் கறையிலை பாதி திருத்தாமலே போகும். பைலை மூண்டு இடத்திலை வையுங்கோ, ஒண்டு வெளிநாட்டிலை இருக்கிற சொந்தத்துக்கும் அனுப்பி வையுங்கோ. படம் கண்ணாடியிலை ஒட்டியிருந்தால் உரிக்கவேண்டாம், கண்ணாடியோடை ஸ்கான் பண்ணலாம்.

திருத்தம் ஆறுதலாய்ச் செய்யட்டும். மகன்ரை லப்ரொப் திரை டிஎன் போலை இருக்கு, அதிலை இருட்டுப் பகுதியை நம்ப ஏலாது. ஆற்றையேன் ஐபிஎஸ் மொனிற்றரிலை ஒரு பின்னேரம் இருந்தால் காணும். போன வருசம் ஒரு அம்மம்மாவின்ரை படத்தை அப்பிடி மாத்திப் போட்டுப் பாக்கேக்கை, லப்ரொப்பிலை வெறும் நிழலாய்க் கிடந்த கழுத்திலை ஒரு மெல்லிய சங்கிலி தெரிஞ்சது, காதுக்குப் பின்னாலை பூ வைச்சிருந்தா, அதுவும் தெரிஞ்சது. பேரப்பிள்ளையளுக்கு அது தெரியவே தெரியாது.

மகனிட்டை ஒண்டு சொல்லுங்கோ. ஒரு பட்டனை அமத்தினால் முகத்தைப் புதுசாக்கித் தாற ஆப்புகள் இப்ப கனக்க வந்திட்டுது, அதுகள் இல்லாத கண்ணையும் பல்லையும் தானாய்க் கீறி விடும், வடிவாய்த்தான் இருக்கும், ஆனால் அது உங்கடை அம்மா இல்லை. கீறலையும் கறையையும் மட்டும் எடுக்கட்டும், மச்சத்திலை கை வைக்கவேண்டாம்.

கேள்வி: வீட்டிலை 32 இஞ்சி டிவி சும்மா கிடக்கு. அதையே மொனிற்றராய்ப் பாவிச்சால் என்ன?
— மாணவர், மாங்குளம்

பதில்: படிக்க, படம் பாக்கப் பாவியுங்கோ தம்பி, போட்டோ திருத்த வேண்டாம். டிவி படத்தைக் கூர்மையாக்கி, கலரைக் கூட்டித்தான் காட்டும், கிட்ட இருந்து பாக்கவும் புள்ளி பெரிசு. வேறை வழியே இல்லை எண்டால் பிக்சர் மோட்டை மூவி அல்லது சினிமாவிலை வைச்சு ஷார்ப்னஸைக் குறையுங்கோ. கறுப்பு சாம்பலாய்த் தெரிஞ்சால் கிறபிக்ஸ் செற்றிங்கிலை எச்டிஎம்ஐ 16 இலை இருந்து 235 வரைக்கும் எண்டு நிக்குதோ பாருங்கோ, டிவி செற்றிங்கிலையும் அதே மாதிரி ஒண்டு இருக்கும், ரெண்டும் ஒத்துப்போகோணும்.

கேள்வி: கரண்ட் அடிக்கடி போய் வாற இடத்திலை மொனிற்றர் பழுதாகுமோ? யூபிஎஸ் எவ்வளவு வேணும்?
— வாசகர், கனகராயன்குளம்

பதில்: கரண்ட் போறதிலை இல்லை, திரும்பி வாற நேரத்து ஏத்த இறக்கத்திலைதான் பழுதாகும். 24 இஞ்சி எல்ஈடி மொனிற்றர் இழுக்கிறது 20 வாட் அளவுதான், கொம்பியூட்டரையும் சேத்துச் சாதாரண 650 விஏ (வோல்ற் அம்பியர், பனல் விஏ இல்லை) யூபிஎஸ் சேவ் பண்ணி நிப்பாட்டக் காணும். மொனிற்றரையும் அதிலையே கொழுவுங்கோ, கனபேர் பெட்டியை மட்டும் கொழுவிப்போட்டு மொனிற்றரைச் சுவரிலை விட்டிடுகினம், கரண்ட் போக இருட்டுக்கை சேவ் பண்ண ஏலாமல் இருக்கினம். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு யூபிஎஸ்ஸை நம்பவேண்டாம், தூரத்திலை முழங்கேக்கையே பிளக்கைக் கழட்டுங்கோ, றவுட்டர் வயரையும் சேத்து.