ஸ்பிரைட்டின் ஓரம்

வணக்கம் சார்,

கடைசி வருட ப்ராஜெக்ட்டாக எஃப்பிஜிஏ (நாமே சுற்றை வடிவமைத்து ஏற்றும் சிப்) போர்டில் ஒரு கேம் செய்கிறோம். இணையத்தில் எடுத்த ஜேபெக் படத்துக்கு, வெற்றிடத்தைக் குறிக்க மெஜந்தா நிறப் பின்னணி கொடுத்து, 32×32 பிக்ஸலாகச் சுருக்கி, ஸ்பிரைட்டாக (திரையில் நகரும் சின்னப் படமாக) போட்டோம். வீரனைச் சுற்றி இளஞ்சிவப்பாகப் பிசிறு தெரிகிறது. படம் ஒரு பிக்ஸல் தள்ளியும் வருகிறது. மெமரி ஃபைலாக மாற்ற நல்ல டூல் எது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டூல் எதுவானாலும் சரி. பைத்தானில் சில வரிகள் போதும். படம் இருக்கும் பிளாக் ராம் (சிப்புக்குள்ளேயே உள்ள நினைவகம்) ஒரு கிளாக் துடிப்பு தாமதமாகத்தான் தரவைக் கொடுக்கும். ஸ்பிரைட் எல்லையைச் சொல்லும் சிக்னலையும் ஒரு கிளாக் தாமதியுங்கள், தள்ளல் போய்விடும்.

பிசிறுக்கு வருவோம். சுருக்கும்போது மென்பொருள் ஓரத்து நிறத்தையும் மெஜந்தாவையும் கலந்துவிடுகிறது. உங்கள் வெரிலாக் (சுற்றை விவரிக்கும் மொழி) நிரல் அச்சு அசல் மெஜந்தாவை மட்டும்தான் விலக்குகிறது. கலந்தது திரைக்கு வந்துவிடுகிறது. ஆனால் எனக்குக் கோபம் அதில் இல்லை. ஸ்டேட் மெஷினை (எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போவது என்று முடிவு செய்யும் சுற்று) ஒவ்வொரு பிட்டாக யோசித்து எழுதுகிறவர்கள், படத்தை மட்டும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டலாமா? படமும் உங்கள் டிசைன்தான்!

கணக்குப் போடுங்கள். 1,024 பிக்ஸலுக்கு 24 பிட் நிறம் என்றால் 24,576 பிட். 16 நிறப் பேலட் (எண் போட்ட நிறப் பட்டியல்) வைத்தால் பிக்ஸலுக்கு 4 பிட் எண் போதும், மொத்தம் 4,096. பேலட்டின் 0-ஐ வெற்றிடமாக ஒதுக்குங்கள். பாதி வெற்றிடம் என்ற ஒன்றே இருக்காது. 640×480 பின்னணியை 12 பிட்டில் வைக்க 36,86,400 பிட் வேண்டும். ஆர்டிக்ஸ்-7 35டி என்ற எஃப்பிஜிஏ சிப்பில் பிளாக் ராம் மொத்தமே 1,800 கிலோபிட், அதில் பாதிப் படம்தான் அடங்கும்.

முன்பு ஒரு மாணவி கட்டம் போட்ட தாளில் 16×16-க்குள் பென்சிலால் ஒரு பூனையை வரைந்து கொண்டுவந்தார். கண்ணுக்கு ஒரே ஒரு கட்டம். அதை அழித்து ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினார். பூனை திரும்பிப் பார்த்தது! அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். சுருக்கிய படத்தில் எந்தக் கட்டத்தை நகர்த்துவீர்கள்? எது கண், எது நிழல் என்று உங்களுக்கே தெரியாதே. 1981-இல் டாங்கி காங் விளையாட்டில் அதை வடிவமைத்த மியாமோட்டோ, நாயகன் மரியோவுக்கு மீசையும் தொப்பியும் வைத்ததே, அத்தனை சின்ன இடத்தில் வாயும் முடியும் வரைய முடியாததால்தான்.

வரையத் தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெரிலாக்கும்தான் ஒரு காலத்தில் தெரியாது. நல்ல கேள்வியோடு வந்திருக்கிறீர்கள், உங்களால் முடியும். முதலில் வீரன் சும்மா நிற்கும் ஒரு ஃபிரேமை வரைந்து, பிஎன்ஜியில் சேமித்து, போர்டில் ஏற்றிப் பாருங்கள். நடையும் குதியும் அது சரியாக வந்த பிறகு.