பேயர்ன் ஆடியது நான்காம் டிவிஷனிலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் கால்பந்து அணியான பேயர்ன் மியூனிக் 1965 வரை ரெகியோனாலிகாவில் ஆடியதாகப் படித்தேன். இன்று அது நான்காம் நிலை லீக். அதன் நட்சத்திரங்களான பெக்கன்பவரும் முல்லரும் அவ்வளவு கீழேயா ஆடினார்கள்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

இல்லை, அப்போது அது இரண்டாம் நிலை. பெயர் அதேதான், படிதான் இறங்கிவிட்டது. 1963இல் முதல் நிலை லீக்கான புண்டஸ்லிகா தொடங்கியபோது அதற்கு நேர் கீழே வடக்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு, பெர்லின் என்று ஐந்து ரெகியோனாலிகாக்கள் இருந்தன. 1974இல் அவற்றைக் கலைத்தார்கள். 1994இல் அந்தப் பெயரைத் தூசு தட்டி மூன்றாம் நிலைக்கு வைத்தார்கள். 2008இல் இடையில் இன்னொரு லீக் வந்து உட்கார, நான்காம் நிலையாகிவிட்டது.

புண்டஸ்லிகாவில் ஓர் ஊரிலிருந்து இரண்டு அணிகள் வேண்டாம் என்பது 1963இல் ஜெர்மன் கால்பந்து சங்கத்தின் எண்ணம். அந்த ஆண்டு தெற்கில் பட்டம் வென்றது 1860 மியூனிக், இடமும் அவர்களுக்கே போனது. பேயர்ன் கீழே நின்றது.

சரி, கீழே முதலிடம் பிடித்தால் மேலே போய்விடலாமா? அதுதான் இல்லை. ஐந்து லீக்குகளின் முன்னணி அணிகளும் சீசன் முடிந்த கையோடு இரண்டு பிரிவுகளாக மறுபடி மோத வேண்டும். பிரிவுக்கு ஒன்று, ஆக இரண்டே அணிகளுக்குத்தான் கதவு திறக்கும். 1964 ஜூனில் அப்படியொரு மோதலில்தான் 18 வயது பெக்கன்பவர் பேயர்னின் முதல் அணிக்கு முதன்முறையாக ஆடினார். எதிரணி சங்க்ட் பவுலி, ஆட்டம் ஹாம்பர்க்கில், அவர் நின்றது இடது விங்கில்! 4-0 என்று வென்றார்கள், அவரும் ஒரு கோல் போட்டார். ஆனாலும் அந்தப் பிரிவில் மேலே போனது நொயின்கிர்ஷன். அடுத்த சீசனில் முல்லரும் வந்து சேர, 36 ஆட்டங்களில் 146 கோல்கள். மேலே போக முடியாத அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

பெர்லின் லீக் தனிக் கதை. சுவர் சூழ்ந்த மேற்கு பெர்லினின் அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தன. 1965இல் கணக்கு வழக்குத் தில்லுமுல்லுக்காக ஹெர்த்தா என்ற பெர்லின் அணியைப் புண்டஸ்லிகாவிலிருந்து வெளியேற்றியபோது, அந்த லீக்கிலிருந்து டாஸ்மேனியா என்ற அணியைத் தூக்கி மேலே வைத்தார்கள். 34 ஆட்டம், 2 வெற்றி, வாங்கிய கோல்கள் 108. பாவம்.

எனக்கு அதைவிட வலிப்பது ஓஸ்னாப்ருக் அணியின் கதை. 1969, 1970, 1971 என மூன்று வருடம் தொடர்ந்து வடக்கின் சாம்பியன். மூன்று முறையும் அந்த இறுதிச் சுற்றில் தடுக்கி விழுந்தார்கள். இன்றுவரை புண்டஸ்லிகாவில் அவர்கள் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.