வைரஸ் ஊசி போட்ட மாமாவுக்குக் கட்டு மாற்றுவது யார்?

"நான் ஐந்து மாத கர்ப்பம், மாமாவுக்குக் கட்டு மாற்றுவதும் நான்தான்" என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது அது. இன்றிலிருந்து அந்தக் கட்டைத் தொடாதீர்கள். கிளவுஸ் போட்டுக்கொண்டும் கூடாது. உங்கள் கணவர் மாற்றட்டும்.

உங்கள் மாமனாருக்கு உள்ளங்காலில் எடுத்த மெலனோமா என்ற தோல் புற்றுநோய், முழங்காலுக்குக் கீழே சிறு கட்டிகளாகத் திரும்பி வந்ததற்கு அமெரிக்காவில் போடும் ஊசி டி-வெக். 'இம்லிஜிக்' என்ற பெயரில் 2015 அக்டோபரில் அங்கே அனுமதி பெற்றது. உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் அதே ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ்தான், மாற்றியமைத்திருக்கிறார்கள். ஐசிபி 34.5 என்ற மரபணுவை நீக்கியதால் நல்ல செல்லில் அதனால் சரியாகப் பெருக முடியாது. புற்றுச் செல்லின் தற்காப்பு பழுதாகிக் கிடப்பதால் அதற்குள் பெருகி, உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஐசிபி 47 என்ற இன்னொரு மரபணுவையும் எடுத்துவிட்டு, எதிர்ப்பு அணுக்களை அங்கே வரவழைக்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். வீரியம் குறைந்தது, ஆனால் உயிருள்ளது. சாதாரண ஹெர்பிஸ் நஞ்சுக்கொடி வழியாகவோ பிரசவத்திலோ சிசுவுக்குப் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் கர்ப்பிணிகளையும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களையும் விலக்கி வைக்கிறோம்.

இதுவரை மாற்றியதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எரிச்சலோ கொப்புளமோ இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பிரசவ டாக்டரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

கணவருக்கு: ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் குறைந்தது ஒரு வாரம், காற்றும் தண்ணீரும் புகாத கட்டு இருக்க வேண்டும். கசிவு நிற்காவிட்டால் அதற்கு மேலும். முழங்காலை மடக்கி நடக்க நடக்க கட்டின் கீழ் ஓரம் வியர்வையில் சுருண்டு எழும்பும். இரண்டு வயதுக் குழந்தையின் விரல் நேராகப் போவது அந்த இடைவெளிக்குத்தான். சுருண்டால் உடனே மாற்றுங்கள். பழைய கட்டு, பஞ்சு, கிளவுஸ் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கசிவு கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும்.

தாத்தா பேத்தியைத் தூக்கலாம், மடியில் வைத்துச் சோறு ஊட்டலாம். சோதித்துப் பார்த்ததில், உயிருள்ள வைரஸ் ஊசி போட்ட இடத்தின் மேல்தான் கிடைத்திருக்கிறது. ஒரே காற்றைச் சுவாசித்தால் வரும், ஊரெல்லாம் பரவும் என்று நெட்டில் படித்ததை விட்டுத்தள்ளுங்கள்.

இரண்டாவது ஊசிக்குப் பின் வந்த குளிர்காய்ச்சலும் எதிர்பார்த்ததே. உடம்பு பழகட்டும் என்று முதல் ஊசி மில்லிக்கு 10 லட்சம் வைரஸ் அளவிலும், 3 வாரம் கழித்து 10 கோடி அளவிலும், பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறையும் போடுவார்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். கட்டி வீங்கிப் பெரிதானதைப் பார்த்து ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். சிலருக்கு அப்படிப் பெருத்த பிறகுதான் சுருங்கும். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். எல்லோருக்கும் கேட்கும் மருந்து அல்ல என்பதும் உண்மை: 436 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த பலன் டி-வெக் போட்டவர்களில் சுமார் 16 சதவீதத்தினருக்குத்தான்.

ஊரிலிருந்து வரவழைத்த அசைக்ளோவிரை 'முன்னெச்சரிக்கையாக' வீட்டில் எல்லோருக்கும், மாமனாருக்கும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. அது ஹெர்பிஸ் பெருகுவதைத் தடுக்கும் மாத்திரை. அவருக்குக் கொடுத்தால், கட்டிக்குள் செலுத்திய மருந்தையே முடக்கிவிடலாம். தேவைப்பட்டால் அவருடைய புற்றுநோய் டாக்டர் எழுதித் தருவார்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வீட்டில் யாருக்காவது விரல் நுனியிலோ வாயோரத்திலோ முதலில் சுருசுருவென்று எரிச்சல், பின் கொத்தாகப் பொடிப்பொடி நீர்க்கொப்புளம் வருகிறதா? கிள்ளவோ களிம்பு தடவவோ வேண்டாம். அன்றே டாக்டரிடம் போய், வீட்டில் டி-வெக் ஊசி நடக்கிறது என்று சொல்லுங்கள். கொப்புள நீரைச் சோதித்து, ஊசி வைரஸா வெளியில் தொற்றியதா என்று பிரித்துப் பார்க்க முடியும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்த்தால் கூசினால் காலைவரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் எமர்ஜென்சிக்குப் போங்கள். மாமனாருக்குக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ அதே அவசரம்தான்.